திராட்சைப் பெட்டிகளோடு என் வீட்டுக்காரர்

ஓடைப்பட்டியிலிருந்து தேனி சந்தைக்கு எங்கள் லோடு வண்டியில் போகும் திராட்சை, வண்டி போடும் குலுக்கலில் வழியிலேயே குலையைவிட்டு உதிர்ந்துவிடும். ஷாக் அப்சார்பரை மாற்றச் சொன்னால், "ரோடு அப்பிடி. வண்டி என்ன செய்யும்?" என்பார் என் வீட்டுக்காரர்.

ஒருநாள் சாவியைப் பிடுங்கிக்கொண்டேன். "இன்னைக்கு நான் ஓட்டுறேன். நீங்க பின்னாடி பெட்டிகளோட உக்காருங்க."

வீறாப்பாக ஏறினார். சின்னமனூர் வருமுன்பே தடதடவென்று தட்டினார். நிறுத்தினேன். இடுப்பைப் பிடித்தபடி இறங்கியவர், "ஆத்தா, தாயே! வண்டிய ஒர்க்‌ஷாப்புக்கு விடு" என்றார்.

புது ஷாக் அப்சார்பர் மாட்டியபின் திராட்சை உதிராமல் குலை குலையாகவே சந்தையில் போய் இறங்கியது. "புது ரோடு போட்டுட்டாகளா?" என்று கேட்டார் வியாபாரி.

இப்போது வீட்டில் நான் எதைக் குறை சொன்னாலும் அவர் மறுத்துப் பேசுவதில்லை. "இரு, பின்னாடி ஏறிப் பாத்துட்டுச் சொல்றேன்" என்கிறார்.