டர்போ இல்லாத என்ஜின்

பெரியப்பா மகள் என்னைவிட ஆறு மாதம்தான் மூத்தவள். அந்த ஆறு மாதத்துக்காக அவளை நான் அக்கா என்று கூப்பிட வேண்டுமாம். சரி, கூப்பிட்டுத் தொலைத்தேன். ஆனால் அவர்கள் வீட்டுக் காருக்கு டர்போ என்ஜின் மாற்றியதும் அவள் பண்ணிய அலட்டல் இருக்கிறதே, அதைத்தான் தாங்க முடியவில்லை. செராஸிலிருந்து கிள்ளானில் எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கியதும் முதல் பேச்சே அதுதான். "ஹைவேல எல்லா காரையும் வெட்டிக்கிட்டு முன்னால வந்தோம், தெரியுமா?"

எங்கள் காரோ ரவாங் மேட்டில் லோரிக்குப் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறும். ஒருநாள் புகையைக் கக்கிவிட்டு அப்படியே நின்றுபோனது. பாடி நன்றாக இருக்கிறது, என்ஜின்தான் முடிந்தது என்றார்கள் வர்க்‌ஷாப்பில். வேறு என்ஜின் போடுவோம் என்று அப்பா சொன்னபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. இனி அவள் வாயை அடைத்துவிடலாம்.

ஜப்பானில் ஓடிய பழைய கார்களைப் பாதியாக அறுத்து, என்ஜினோடு கப்பலில் கொண்டுவந்து விற்கும் கடைகள் கிள்ளான் பக்கம் உண்டு. ஹாஃப் கட் கடை என்போம். இந்த மாதிரி இடங்களுக்கு அப்பா என்னைத்தான் கூட்டிப்போவார். அன்றைக்கு என்ன வந்ததோ, அம்மாவையும் கிளம்பச் சொன்னார். லைசென்ஸ் எடுத்ததோடு ஸ்டியரிங்கைத் தொடாத அம்மாவுக்கு என்ஜின் கடையில் என்ன வேலை? நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே பின்னால் போனேன்.

கடை முதலாளியான சீனத் தவுக்கே சிரித்துக்கொண்டே கேட்டார். "பாஸ், பவர் வேணுமா, தாஹான் வேணுமா?" வேகமா, தாக்குப்பிடிப்பதா என்று கேட்கிறார்.

"ரெண்டும் வேணும்லா," என்றார் அப்பா.

வாசலிலேயே ஒரு டர்போ என்ஜின் பளபளவென்று இருந்தது. "அப்பா, இதுதாம்பா, இதுதான்!" என்று குதித்தேன். அப்பாவுக்கும் அதன்மேல் ஆசைதான், எனக்குத் தெரியும். ஆயில் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார், தடவிப் பார்த்தார், தள்ளிப் போய்விட்டு மறுபடியும் வந்து பார்த்தார். அப்புறம் மூலையில் கிடந்த இன்னொரு என்ஜினிடம் போனார். டர்போ கிடையாது, ஆனால் எங்கள் பழைய என்ஜினைவிடப் பெரியது. அதைக் காட்டி அம்மாவிடம் சொன்னார்.

"டர்போன்னா எப்பவும் கவனமா பார்த்துக்கணும். ஆயில் கொஞ்சம் குறைஞ்சாலும் போச்சு. இது மேடு நல்லா ஏறும். உள்ள பெல்ட் இல்ல, செயின், சும்மா அறுந்து போகாது. எந்த வர்க்‌ஷாப்லயும் சாமான் கிடைக்கும். நீ சொல்லு, எது வேணும்?"

அம்மாவைக் கேட்கிறார்! என்னை இல்லை, அம்மாவை!

"நடு ரோட்டுல நிக்காம இருந்தா போதுங்க," என்றாள் அம்மா. அவ்வளவுதான், டர்போ போயிற்று.

அதற்குப் பிறகு நடந்ததுதான் இன்னும் மோசம். என்ஜின் மாற்றிய காரில் தினம் சாயங்காலம் அம்மா ஓட்டுவாள், அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பார். என் இடம் பின் சீட்டுக்குப் போனது. கணக்கில் ஒரு தப்பு விட்டால் வீடே இடியும்படி கத்துகிற மனுஷன், அம்மா சிக்னலில் என்ஜினை அணையவிட்டு அணையவிட்டு நின்றாலும், "பரவால்லம்மா, கிளட்ச்ச மெதுவா விடு" என்று கொஞ்சுவார். ஆயில் எப்படிப் பார்ப்பது, தண்ணீர் எங்கே ஊற்றுவது என்று எல்லாப் பாடமும் அம்மாவுக்குத்தான். எனக்கு ஒரு ஸ்பேனரைக்கூடப் பிடிக்கக் கொடுக்கவில்லை. பெரியப்பா மகள் வந்து பானெட்டுக்குள் எட்டிப் பார்த்து, "ஐயோ பாவம், டர்போ இல்லையா?" என்றாள். அன்று ராத்திரி நான் சோறு சாப்பிடவில்லை.

அந்த மாதக் கடைசியில் அப்பா சிங்கப்பூருக்கு வெல்டிங் வேலைக்குக் கிளம்பினார். மாதம் ஒரு தடவை வருவேன் என்றார். வரும்போது சாக்லேட் வரும் என்பது மட்டும்தான் என் காதில் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மாதான் பஸ் நிலையத்துக்கு ஓட்டினாள், ஒரு இடத்திலும் என்ஜின் அணையாமல். அப்பா பையை எடுத்துக்கொண்டு இறங்கினார். பானெட்டை ஒரு தட்டுத் தட்டினார். "வாரா வாரம் தண்ணி பாரு," என்று அம்மாவிடம் சொன்னார். என் தலையைத் தடவிவிட்டு பஸ் ஏறினார்.

பஸ் கண்ணுக்கு மறைவதற்குள் நான் முன் சீட்டில் ஏறி பெல்ட்டும் போட்டுவிட்டேன். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அம்மா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி பஸ் போன பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து ஒருவர் ஹாரன் அடித்தார். இன்னொருவரும் அடித்தார். சாவி அதன் இடத்தில்தான் இருந்தது, அம்மா அதைத் தொடவே இல்லை.

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"என்னம்மா, ஸ்டார்ட் ஆகலையா?" என்றேன், வாயெல்லாம் பல்லாக. "நான் அப்பவே சொன்னேன்ல, டர்போ வாங்கியிருக்கணும்னு!"