கடைசியாக நன்றாக இருந்த நேரம்

இரவு ஷிஃப்ட் முடித்து வந்து தூங்குகிறவரை எங்கள் சந்தில் யாரும் எழுப்ப மாட்டார்கள். துறைமுகத்தை நம்பிய திருவொற்றியூர் சந்து அது. பகலில் எப்போதும் ஏதாவதொரு வீட்டில் ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார். வாசலில் பூட்ஸ் கிடந்தால் கீரைக்காரம்மா குரலை இறக்கிக்கொண்டு கடந்துபோவார். எங்கள் வீட்டில் அன்றைக்குக் குக்கர் ஏறாது; விசில் சத்தத்துக்குப் பயந்து அம்மா சோற்றை வடித்துவிடுவாள். அப்பாவின் அறைக்கு வீட்டுப் பக்கம் கதவு கிடையாது, துணித் திரைதான். அது இறங்கியிருந்தால் எங்களுக்கு அது சுவர்.

அப்பா எண்ணூர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். நான் நகரத்தில் ஒரு மருத்துவமனையின் கேத் லேபில் டெக்னீஷியன். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி அடைத்து வருகிறவர்களுக்கு, தொடை வழியாக ஒரு மெல்லிய குழாயைச் செலுத்தி, கழுத்தைத் தாண்டி மூளைவரை கொண்டுபோய், அந்தக் கட்டியை வெளியே இழுத்துவிடுவார்கள். அந்த நேரத்தில் டாக்டர் கேட்கிற எக்ஸ்ரே படத்தை மானிட்டரில் கொண்டுவருவதும், குழாய், கம்பி ஆகியவற்றை அளவு பார்த்து எடுத்துத் தருவதும் என் வேலை. அந்த மேசையில் படுத்தவர்கள் எல்லோரும் எனக்கு யாரோவாகத்தான் இருந்தார்கள், போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை வரை.

அன்று எனக்கு வார விடுமுறை. அப்பா காலை ஏழு மணிக்கு வந்து, கஞ்சி குடித்துவிட்டுத் திரைக்குப் பின்னால் போனார். நடுப்பகல் தாண்டி, உள்ளே சில்வர் டம்ளர் ஒன்று விழுந்து உருண்டது. நான் எழுந்தேன். அம்மா அரிவாள்மணையில் இருந்தபடியே உதட்டில் விரல் வைத்தாள்.

"பெரள்றாரு. வுடு."

பிறகு சுவரில் குதிகால் தேய்கிற சத்தம். ஒரே இடத்தில், விட்டுவிட்டு. நான் திரையைத் தூக்கினேன்.

கட்டிலில் மல்லாந்து கிடந்தார். வாய் இடது பக்கம் இழுத்திருந்தது. கண்களும் இடது பக்கமே பார்த்தன. வலது கை கட்டிலுக்கு வெளியே, யாரோ வைத்துவிட்டுப் போன பொருள்போலத் தொங்கியது.

"நைனா, கையத் தூக்கு. ரெண்டையும்."

இடது கை மட்டும் எழுந்தது. ஏதோ சொன்னார், அதில் ஒரு சொல்கூட இல்லை. முகம், கை, பேச்சு. நாங்கள் புதிதாக வருகிற நர்ஸுகளுக்குச் சொல்லித்தருகிற வரிசை. மூன்றும் போயிருந்தன.

அம்மா செம்பில் தண்ணீரோடு ஓடிவந்தாள். "குடுக்காத, பொரையேறிடும்" என்று தட்டிவிட்டேன். அவள் என்னை முறைத்தாள். அதற்குப் பிறகுதான் அவர் முகத்தை முழுதாகப் பார்த்தாள்.

பின்சந்தில் இருக்கிற மாமாவை ஆட்டோவோடு வரச் சொன்னேன். ரத்த சொந்தம் இல்லை. அப்பாவோடு துறைமுகத்தில் வேலை பார்த்து, முதுகு போனபின் ஆட்டோவுக்கு வந்தவர். இருவரும் ஒருவரையொருவர் திட்டிக்கொள்ளாமல் ஒரு நாளும் கழிந்ததில்லை. அன்று அவர் ஒரு வார்த்தையும் பேசாமல் அப்பாவின் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார். பின் சீட்டில் அப்பாவை நடுவில் வைத்து நானும் அம்மாவும் இரண்டு பக்கமும் அணைத்து உட்கார்ந்தோம்.

எக்ஸ்பிரஸ் ரோடு ஏறியதும் எங்கள் லேப் டாக்டருக்குப் போன் செய்தேன். வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சு இல்லை, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர், வயது இன்னது என்று வரிசையாகச் சொன்னேன். என் குரல் எனக்கே ஒழுங்காகத்தான் கேட்டது.

"அவர் கடைசியா நல்லா இருந்ததை யார் பாத்தாங்க? எப்போ?"

"காலைல ஏழு மணி, டாக்டர். நாங்கதான். அதுக்கப்புறம் தூங்கிட்டார்."

"அப்ப ஏழுன்னுதான் எடுத்துக்கணும். சீக்கிரம் வா."

அது எனக்குத் தெரிந்த விதிதான். நோயாளியைக் கண்டுபிடித்த நேரத்துக்குக் கணக்கில் இடமில்லை. கடைசியாக நன்றாக இருந்ததைப் பார்த்த நேரத்திலிருந்துதான் கடிகாரம் ஓடும். கட்டியைக் கரைக்கிற ஊசிக்கு நாலரை மணி நேரம் எல்லை. ஏழு மணியிலிருந்து எண்ணினால் அது முடிந்துவிட்டது. கட்டியை இழுத்து எடுக்கலாம். ஆனால் ஆறு மணி நேரமும் தாண்டிவிட்டால், காப்பாற்ற இன்னும் மூளை மிச்சமிருக்கிறது என்று ஸ்கேன் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவ்வளவுதான். டம்ளர் விழுந்ததை நான் கேட்டேன் என்பது எதற்கும் உதவாது. வலது கை விழுந்து எத்தனை நேரம் கழித்து இடது கை அந்த டம்ளரைத் தட்டியதோ? அந்த நேரமெல்லாம் நாங்கள் பத்தடி தள்ளி, சத்தமில்லாமல் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தோம்.

டிரெய்லர் லாரிகள் சென்னைத் துறைமுகத்துக்கு வரிசைகட்டி நின்றன. ஆட்டோ நின்றது. என் தோளில் சரிந்திருந்த அப்பாவின் தலையை நிமிர்த்தியபோதுதான் கவனித்தேன். அவர் சட்டை போட்டிருந்தார். எங்கள் ஊர்ப் புழுக்கத்தில் அவர் சட்டையோடு தூங்கி நான் பார்த்ததே இல்லை.

"மா, நீ சொக்கா மாட்டி வுட்டியா?"

"நா எங்கடி மாட்டனேன். அப்டியேதான தூக்கினோம்."

அறையின் பின்பக்கக் கதவு பின்சந்தில் திறக்கும். அங்கேதான் டீக்கடை. நான் முன் சீட்டைப் பார்த்தேன்.

"மாமா, இன்னிக்கி நைனாவப் பாத்தியா நீ?"

கண்ணாடியில் அவர் கண் என்னைப் பார்த்தது, பிறகு அம்மாவைப் பார்த்தது. "நானா? நா எங்கமா பாக்கறது. காலைலேர்ந்து சவாரில கீறேன்."

பொய் என்று தெரிந்தது. ஏன் என்றும் பாதி தெரிந்தது. கோபப்பட்டால் அவர் இன்னும் இறுகுவார். எனவே வேலையில் நோயாளியின் வீட்டாருக்குச் சொல்கிற குரலில் சொன்னேன்.

"ஏழு மணிக்கு மேல நைனா நல்லா நின்னாரு, பேசினாருன்னு ஒருத்தர் சொன்னா ஊசி போடுவாங்க. யாரும் சொல்லலன்னா போட மாட்டாங்க. அவ்ளோதான் மாமா."

அவர் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு முன்னால் நின்ற லாரியின் முதுகையே பார்த்தார்.

"அக்கா, நீ கத்தக் கூடாது."

"இன்னாத்துக்குக் கத்தணும்?"

"பீடிக்கி வந்தான்."

"மாதா கோயில்ல மெழுகுவத்தி ஏத்திட்டு வுட்டேன்னாரே!"

"அது சிகரெட்டுதான் அக்கா. பீடிய எங்க வுட்டான்."

"நீதானடா பக்கத்துல நின்ன, சாட்சின்னு!" அம்மா எட்டி அவர் பின்மண்டையில் ஒன்று வைத்தாள்.

"அடி அக்கா, வேணான்னு சொல்லல. ஆனா வண்டில வேணா."

"எப்போ மாமா? மணி?"

"பதினொண்ணரைக்கி எனக்கு ஸ்கூல் சவாரி. கெளம்பச்சொல்ல தண்ணி லாரி வந்து நின்னுச்சி. மூலை வூட்டுப் பெரியம்மாவுக்கு ரெண்டு கொடம் இவந்தான் தூக்கினு போய் வெச்சான்."

"எந்தக் கையில?"

"ரெண்டுலயும் ஒண்ணொண்ணு."

"பேச்சு தெளிவா இருந்துச்சா?"

"பேஜாரு பண்ணாம போடா, புள்ளைங்க காத்துகினு கீதுங்கன்னான். திட்றதுல அவன் இன்னிக்கி வரைக்கும் கொழறனதே இல்லமா."

மறுபடி டாக்டரை அழைத்து, போனை மாமாவின் காதில் வைத்தேன். "ஆமா சார். ரெண்டு கையும் சார். நல்லா நடந்தான் சார்" என்றார். ஒவ்வொன்றுக்கும் முதுகு நிமிர்ந்தது. போனைத் திருப்பித் தந்ததும் இறங்கி, லாரிகளுக்கு நடுவில் ஓடினார்.

"யோவ், ஒதுக்குய்யா! உள்ள நம்ம கிரேன்காரன் கீறான், கை வாய் இழுத்துகினு! ஒதுக்கு!"

கிளீனர்கள் இறங்கிவந்து எட்டிப்பார்த்தார்கள். அப்பாவைத் தெரிந்த ஒரு டிரைவர் தன் வண்டியை நடைபாதையில் ஏற்றினார். அவருக்குப் பின்னால் நின்றவர்களும் ஒடித்தார்கள். ஆட்டோ நுழைகிற அளவுக்கு ஒரு சந்து திறந்தது.

அம்மா அழுதுகொண்டே சொன்னாள். "பீடி குடிச்சதும் ஒரு விதத்துல நல்லதுக்குத்தான்." உடனே அப்பாவின் காதில் குனிந்தாள். "அதுக்குன்னு குடின்னு சொல்லல, கேட்டுக்கோ."

ஸ்கேனில் ரத்தக் கசிவு இல்லை. இடது பக்கப் பெரிய குழாய் ஒன்று நடுவழியில் வெட்டியதுபோல நின்றிருந்தது. ஊசியை ஆரம்பித்து, கையோடு கேத் லேபுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். சம்மதக் கையெழுத்து வாங்க வந்தவர் ஆபத்துகளைப் படிக்கத் தொடங்கியதும், "எனக்குத் தெரியும்" என்று நிறுத்தினேன். என் இடத்தில் அன்று வேறொரு பெண். அவள் ஈயக் கவசத்தைக் கட்டிக்கொண்டு உள்ளே போனாள். கதவு மூடியது. அந்தக் கதவுக்கு வெளியே இருக்கிற நாற்காலியில் நான் அதுவரை உட்கார்ந்ததில்லை. கால் தரையில் சரியாகப் படாத உயரம் அது.

எனக்கு எல்லாவற்றையும் வரிசைப்படுத்திப் பழக்கம். இப்போது தொடையில் ஊசி. இப்போது குழாய் வயிற்றைத் தாண்டுகிறது. இப்போது கழுத்து. அங்கே என் வரிசை நின்றுவிட்டது. அப்பாவின் கழுத்துக் குழாய் நேராக இருக்குமா, வளைந்திருக்குமா? வருடக்கணக்கில் புகை பிடித்தவரின் குழாய். கட்டியோடு மல்லுக்கட்டும்போது சுவர் கிழியலாம். உடைந்த துண்டு இன்னும் ஆழத்துக்குப் போய் அடைக்கலாம். இவையெல்லாம் நடந்து நான் பார்த்திருக்கிறேன். நடந்த நாள்களில் வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டும் இருக்கிறேன்.

கதவு திறந்தது. உள்ளே போன பெண் வேகமாக வந்து எதிரே இருந்த பொருள் அறைக்குள் நுழைந்தாள். அவள் எந்த அலமாரியைத் திறக்கிறாள் என்று எனக்குச் சத்தத்திலேயே தெரியும். இடமிருந்து இரண்டாவது, மேல் தட்டு. முதல் முயற்சியில் கட்டி வராவிட்டால்தான் அங்கே கை போகும். நீண்ட பொட்டலத்தோடு திரும்பியவள் என் பக்கம் பார்க்கவே இல்லை.

"இன்னாடி எடுத்தினு போறா?" என்றாள் அம்மா.

"பஞ்சு."

மாமா என்னைப் பார்த்தார். ஆட்டோவில் நான் அவரைப் பார்த்த மாதிரி.

டாக்டர் வந்தபோது தொப்பியைக் கழற்றியிருந்தார். அது நல்ல அறிகுறியா இல்லையா என்று எனக்கு நினைவுக்கு வரவில்லை. போனில் ஒரு படம் காட்டினார். வெள்ளைத் துணிமேல் கருஞ்சிவப்பாக, அரை அரிசி நீளத்துக்கு ஒன்று.

"இத்துனூண்டா?" என்றார் மாமா. "இதுக்கா இத்தினி ஆட்டம்?"

"ரெண்டாவது தடவைல வந்துடுச்சு. குழாய் முழுசா திறந்தாச்சு" என்ற டாக்டர், என் பக்கம் திரும்பிக் குரலைத் தணித்தார். "மீதி உனக்கே தெரியும்."

தெரியும். அம்மா டாக்டரின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தாள். நான் மட்டும் மகிழ முடியாமல் நின்றேன். குழாய் திறந்த படத்தைப் பார்த்து நாங்கள் உள்ளே கைதட்டுவோம். அதே மனிதர் சில நாள் கழித்துக் கண் திறக்காமல் போனதும் உண்டு. மறுநாள் ஸ்கேன் வரை ரத்தம் கசியலாம். கசியாவிட்டாலும், கட்டி வெளியே வருவதற்குள் செத்துப்போன இடம் செத்ததுதான்.

கசியவில்லை. மூளையில் காப்பிக்கொட்டை அளவில் ஓர் இடம் மட்டும் போயிருந்தது. இரண்டாம் நாள் வலது கை மெத்தையிலிருந்து எழுந்தது. மூன்றாம் நாள் பேச்சு வந்தது. ஆனால் ஒரே சொல். துறைமுகத்தில் கன்டெய்னரைப் பெட்டி என்பார்கள். தண்ணீர் வேண்டுமென்றாலும் பெட்டி, தலையணை என்றாலும் பெட்டி.

"என்னப் பாத்து பெட்டின்றாருடி" என்று அம்மா முகத்தை மூடிக்கொண்டாள்.

"உன்னப் பாத்தா எனக்கே அப்டித்தான் தோணுது, அவன் நோயாளி இன்னா பண்ணுவான்" என்றார் மாமா. அப்பா சிரித்தார். உதட்டின் இரண்டு முனையும் ஏறியதா என்று நான் பார்த்தேன். வலது கொஞ்சம் தாமதமாக ஏறியது.

மற்ற சொற்கள் ஒவ்வொன்றாக, பயிற்சிக்குப் போன வாரங்களில் திரும்பின. மூன்று மாதம் கழித்து ஒரு மதிப்பெண் போடுவார்கள். ஆள் எந்த அளவுக்குத் தன் வாழ்க்கைக்குத் திரும்பியிருக்கிறார் என்பதற்கு. பூச்சியம் என்றால் ஒரு குறையும் இல்லை; ஆறு என்றால் ஆளே இல்லை. மற்றவர்களின் அப்பாக்களுக்கு அந்த எண்ணைக் கம்ப்யூட்டரில் நான்தான் பதிவேன்.

"பழைய வேலையெல்லாம் செய்றாரா?" என்று டாக்டர் கேட்டார்.

"எல்லாமே செய்றாரு டாக்டர்" என்றாள் அம்மா. "குளிக்கறாரு, துணி மடிக்கறாரு, கடைக்கிப் போய்னு வர்றாரு."

அப்பா தலையை அசைத்தார். வலது கையை மேசைமேல் வைத்து, கிரேன் லீவரைப் பிடிப்பதுபோல விரல்களை மடக்கினார். மோதிர விரலும் சுண்டு விரலும் பின்தங்கின.

"இல்ல சார்" என்றார். "கீழ ஆளு நிப்பான். மேல நா... ஒரு நிமிசம் லேட்டானா..." சொல் வராமல் உள்ளங்கையை மேசையில் அழுத்தினார்.

வெளியே வந்து மாடிப்படி இறங்கும்போது என்னைக் கேட்டார்.

"எத்தினி போட்டாரு?"

"ரெண்டு."

"எத்தினிக்கு?"

"ஆறுக்கு."

"ஃபெயிலா?"

"இதுல கம்மியா வாங்கினாத்தான் நல்லது, நைனா."

இரண்டு படி இறங்கி நின்றார். ஆறு வாங்கியவர் என்ன ஆவார் என்று கேட்பார் என்று காத்திருந்தேன். என்ன சொல்வது என்று தயாராகவும் இல்லை. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு அந்தக் கேள்வியை விட்டுவிட்டார். கைப்பிடிச் சுவரை வலது கையால்தான் பிடித்திருந்தார்.

"திங்கக்கெழம ஆபீஸ்ல பாக்கணும். கீழ எதுனா வேல குடுன்னு கேக்கணும். நீ கூட வர்றியா?"

"வர்றேன்."

"நாந்தான் பேசுவேன். நடுவுல நின்னுச்சின்னா மட்டும் நீ எடுத்துக் குடு."