பழுப்புச் சட்டையில் அண்ணன்

என் அண்ணன் உயிரோடு இருந்தவரை கோட்டு போட்டதில்லை. கருமாதிக்கு முதல் நாள் வடலூர் ஸ்டுடியோவிலிருந்து வந்த படத்தில்தான் முதன்முதலாகப் போட்டிருந்தார். நீலக் கோட்டு, சிவப்பு டை, பின்னால் மேகம் போல ஒரு வெளிர்நீலம். அவரைத் தனியாக எடுத்த நல்ல படம் எதுவும் வீட்டில் இல்லாததால், வேலைக்குப் போகும்போது சட்டையில் மாட்டும் அனுமதி அட்டையை என் கணவர் கொண்டுபோய்க் கொடுத்திருந்தார். அதிலிருந்த முகத்தை மட்டும் எடுத்து, தயாராக வைத்திருந்த ஒரு கோட்டின்மேல் பொருத்திவிட்டார்கள். கழுத்து கொஞ்சம் நீண்டிருந்தது. அந்தக் காலத்தில் எங்கள் சுற்றுவட்டாரத்தில் மாலை போட்ட படங்களில் இருந்த ஆண்கள் பலரும் அதே கோட்டைத்தான் போட்டிருந்தார்கள்.

அம்மாவுக்குப் படம் பிடித்துப்போனது. "ஆபீசர் மாதிரி இருக்கான் பாரு என் புள்ள" என்று வந்தவர்களிடமெல்லாம் காட்டினாள். அண்ணன் கடைசிவரை சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலைதான் பார்த்தார். பர்மனென்ட் ஆனதும் டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ் வாங்கிக்கொண்டு எனக்குப் பக்கத்து பிளாக்குக்கே வந்துவிடுவதாகச் சொல்லிக்கொண்டிருந்தவர், ஒரு காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், அவ்வளவுதான். கோட்டைப் பார்த்தபோது அம்மாவுக்கு என்ன ஆறுதல் கிடைத்தது என்பது எனக்குப் புரிந்தது. அண்ணனின் மகள் அப்போது சின்னக் குழந்தை. கும்பிடச் சொல்லி எல்லோரும் அவளைப் படத்தின் முன்னால் நிறுத்தியபோது, "இது யாரு?" என்று கேட்டாள். அப்பா என்றார்கள். அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்பாகிட்ட இந்தச் சட்டை இல்லியே" என்றாள்.

சில வாரங்கள் கழித்து அண்ணி கம்மாபுரம் பக்கத்திலிருந்து பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்தார். "புள்ளைக்கு அவங்க மூஞ்சி மறந்துகினு வருது. நாளைக்கு இந்தக் கோட்டுக்காரன்தான் அப்பன்னு நிக்கும்" என்றார். அவரிடம் இன்னொரு படம் இருந்தது. ஆயுத பூஜையன்று சுரங்கத்துப் பட்டறையில், சந்தனம் பூசிய இயந்திரத்துக்கு முன்னால் அண்ணனும் உடன் வேலை செய்பவர்களும் தோளோடு தோள் சேர்ந்து நின்றது. அண்ணனுடைய செல்போனில் யாரோ எடுத்துக் கொடுத்தது. எல்லோரும் பழுப்புச் சட்டை. அண்ணன் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார். அந்தக் கூட்டத்திலிருந்து அவரை மட்டும் எடுத்துத் தரச் சொல்லி அண்ணி ஸ்டுடியோவுக்குப் போயிருக்கிறார். செல்போன் படம், எல்லாரும் ஒரே கலர் சட்டை, இதையெல்லாம் பிரிக்க முடியாதுங்க, கோட்டே நல்லாத்தான் இருக்கு என்று அனுப்பிவிட்டார்கள். "அந்த ஸ்டுடியோக்காரன் கோட்டு போட்டுவுட எங்க கத்துக்கினான்? அங்கியே நானும் கத்துக்கிறேன்" என்றார் அண்ணி.

டவுன்ஷிப் கடைத்தெரு மாடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் இருந்தது. தனியாக அனுப்ப அம்மா சம்மதிக்கவில்லை என்பதால் நானும் சேர்ந்தேன். இல்லாவிட்டால் எனக்கு அந்த வேலை தேவைப்பட்டிருக்காது. எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த டீச்சர் கல்லூரி முடித்து அப்போதுதான் வந்திருந்த பெண். படத்தில் எந்தப் பகுதியை மாற்றப்போகிறோமோ அதை முதலில் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதுதான் முதல் பாடம். கட்டம் போட்டுத் தேர்ந்தெடுத்தால், அந்த இடத்தைச் சுற்றி விட்டுவிட்டு வரைந்த ஒரு கோடு நகர்ந்துகொண்டே இருக்கும். "எறும்பு ஊர்ந்துகினு போற மாதிரியே இருக்குது" என்று அண்ணி விரலால் திரையைத் தொட்டார். பிறகு மந்திரக்கோல் போன்ற ஒரு கருவி. ஓர் இடத்தில் சொடுக்கினால், அதே நிறம் பரவியிருக்கும் இடத்தையெல்லாம் தானாகப் பிடித்துக்கொள்ளும். வானத்தையும் வாழையிலையையும் அழகாகப் பிடித்தது. அண்ணனின் சட்டையில் சொடுக்கியதும் அவரோடு நின்ற ஏழெட்டுப் பேரையும் சேர்த்துப் பிடித்தது. அதற்கு ஆள் தெரியாது, நிறம்தான் தெரியும் என்றாள் டீச்சர்.

மிச்சமிருந்தது, கையால் ஓரம் வரைந்து போகும் கருவிதான். படத்தைப் பெரிதாக்கி, சட்டையின் விளிம்பு வழியாக மவுஸை இழுத்துக்கொண்டே போக வேண்டும். பெரிதாக்கினால் முகம் முகமாகத் தெரியாது. மாநிறத்தில் சின்னச் சின்னச் சதுரங்கள், நடுவில் இரண்டு கறுப்புச் சதுரங்கள், அது கண். அண்ணி காது வரைக்கும் வருவார், மவுஸ் நழுவிக் கோடு கன்னத்துக்குள் போய்விடும், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். அந்த வகுப்புகளில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. கணவரின் முகத்தை அத்தனை கிட்டத்தில், அத்தனை நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், அதைத் தைக்கக் கொடுத்த துணியைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்தார்.

ஒருநாள் ஓரம் சரியாக வந்தது. அந்தச் சந்தோஷத்தில் வெட்டினார், சேமித்தார், மூடினார். வெட்டியதை வேறெங்கும் ஒட்டவில்லை. மறுபடி திறந்தபோது இயந்திரம் இருந்தது, சந்தனம் இருந்தது, உடன் நின்றவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் அண்ணனின் வடிவத்தில் ஒரு வெள்ளை. அண்ணனின் செல்போன் அதற்கு முன்பே கெட்டுப்போயிருந்தது. இருந்த ஒரே பிரதி அதுதான். டீச்சர் என்னென்னவோ செய்து பார்த்துவிட்டுக் கையை விரித்தாள். "ஆளு நின்ன எடம் மட்டும் இருக்குது" என்றார் அண்ணி.

அந்தப் படத்தில் நின்றவர்களில் ஒருவர் முத்தாண்டிக்குப்பத்துக்காரர், ஃபிட்டர். அண்ணனோடு வெகுகாலம் ஒரே ஷிஃப்ட்டில் இருந்தவர். கருமாதியன்று வந்து கோட்டுப் படத்தைப் பார்த்தவர், சாப்பிடாமல் போய்விட்டார், அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் பக்கம் வரவேயில்லை. பூஜையன்றே அந்தப் படத்தை அண்ணன் அவருக்கும் அனுப்பியிருப்பார் என்று அண்ணிக்குத் தோன்றியது. நான்தான் விசாரித்து அவர் எண்ணைக் கண்டுபிடித்தேன். மறுநாளே ஷிஃப்ட் முடிந்து, சுரங்கத்து மண் படிந்த காலணியோடு சென்டருக்கு மாடியேறி வந்தார். செல்போனைத் துடைத்துக் கொடுத்தார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. படம் கம்ப்யூட்டருக்கு ஏறியதும், "இருக்காம்மா? வந்துடுச்சா?" என்று இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டு இறங்கிப் போனார்.

இந்த முறை டீச்சர் லேயரிலிருந்து ஆரம்பித்தாள். அசல் படத்தைத் தொடவே கூடாது, அடியில் பத்திரமாகக் கிடக்கட்டும். அதன்மேல் கண்ணாடித்தாள் விரித்ததுபோல் ஒரு பிரதி, செய்வதையெல்லாம் அதில் செய்ய வேண்டும். ஒவ்வொரு தாளுக்கும் பக்கத்தில் ஒரு கண் இருக்கும். அதை மூடினால் தாள் மறையும், திறந்தால் வரும். "இத மொதல்லியே சொல்லியிருந்தா நான் அவரைத் தொலைச்சிருக்க மாட்டேனே" என்றார் அண்ணி. டீச்சர் சிரித்தாள். அண்ணி சிரிக்கவில்லை.

அண்ணனைப் பிரித்தெடுத்து வெளிர்நிறப் பின்னணியில் வைத்த பிறகுதான் அதைக் கவனித்தோம். அவருடைய இடது தோளில் நான்கு விரல்கள் இருந்தன. பக்கத்தில் நின்ற ஃபிட்டர் தோளில் கை போட்டிருக்கிறார். ஆள் போய்விட்டார், விரல்கள் தங்கிவிட்டன. வலது தோளின் துணியை நகலெடுத்து, திருப்பி, இன்னொரு லேயராக மேலே வைத்து மூடிவிடலாம் என்றாள் டீச்சர். அண்ணி அப்படியே செய்தார். விரல் இருந்த தடமே தெரியவில்லை. அவர் அந்த லேயரின் கண்ணை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். பிறகு என் செல்போனை வாங்கி ஃபிட்டரைக் கூப்பிட்டார்.

"அண்ணே, படத்துல உங்க கை வந்திருக்குது. அவங்க தோள்மேல. எடுத்துடவும் முடியும். எடுத்துடட்டுமா?"

எதிர்முனையில் ஏதோ இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவில் அவர், "அது பாட்டுக்கு இருக்கட்டும்மா" என்றார்.

விரல்களோடு வந்த அந்தப் படம் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "இன்னாடி இது, பொணத்துக்குப் பின்னாடி யாரோ ஒளிஞ்சிக்கினு இருக்கிற மாதிரி" என்றாள். அண்ணி வாதாடவில்லை. "உங்களுக்கு அது இருக்கட்டும் அத்தை, புள்ளைக்கு இது" என்று கோட்டுப் படத்தைக் கூடத்திலேயே விட்டுவிட்டு, பழுப்புச் சட்டைப் படத்தை மகள் படுக்கும் அறையில் மாட்டினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஃபிட்டர் மனைவியோடு வந்தார். அன்று சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

கற்றுக்கொண்டதை அண்ணி விடவில்லை. இப்போது வடலூரில் ஒரு டிஜிட்டல் கடையில் அதே வேலைதான் பார்க்கிறார், கோட்டு கேட்பவர்களுக்குக் கோட்டும் போட்டுக் கொடுக்கிறார். மகள் கல்லூரிக்குப் போய்விட்டாள். போன மாதம் விடுமுறைக்கு வந்தவளிடம், அப்பாவைப் பற்றி உனக்கு என்ன ஞாபகம் இருக்கிறது என்று பேச்சுவாக்கில் கேட்டேன். யோசிக்காமல் சொன்னாள். பூஜையன்று அவளையும் பட்டறைக்குக் கூட்டிப்போனாராம். பழுப்புச் சட்டை, சந்தன வாசனை. அவளைத் தூக்கி இயந்திரத்துக்குப் பொட்டு வைக்கச் சொன்னாராம். அவளுடைய கை சில்லென்று ஆனதுகூட நினைவிருக்கிறதாம்.

அந்தப் பூஜையன்று அவள் காய்ச்சலோடு என் வீட்டில் படுத்திருந்தாள். நான்தான் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணிக்கும் அது தெரியும். நான் அவரைப் பார்த்தேன். அவர் முறுக்குத் தட்டை மகள் பக்கம் நகர்த்திவிட்டு, "ஆமா, அன்னிக்கு நீ எறங்கவே மாட்டேன்னு அழுத" என்றார்.