கண் சொருகி வந்தவர்

மதுவிலக்கை எடுத்துவிட்டுச் சாராயக்கடைகளைத் திறந்த சமயம் அது. நான் பட்டாளத்தில் அவில்தாராக இருந்து திரும்பி, விருத்தாசலத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் தலைமை வாட்ச்மேனாகச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. குடித்துவிட்டு உள்ளே வந்த ஒருவன் பிரசவ வார்டில் நர்ஸின் கையைப் பிடித்து இழுத்துவிட்டான். மறுநாள் பெரிய டாக்டர் என்னைக் கூப்பிட்டார்.

"கேட்டுல நிக்கிறவங்களுக்கு ஆளப் பார்த்துப் புரிஞ்சுக்கத் தெரியல. யார்கிட்ட எப்படிப் பேசணும், யார உள்ள விடணும்னு நீங்கதான் சொல்லிக் குடுக்கணும்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. எனக்குக் கீழே மூன்று பேர். பத்து நாள் சைக்கிள் கொட்டகையில் அவர்களை நிற்க வைத்து, குடிகாரன் மாதிரி நானே நடித்துக் காட்டினேன். கண் சொருகும், நாக்கு குழறும், கால் பின்னும். இந்த மூன்றும் இருந்தால் பேச்சே கிடையாது, வெளியே அனுப்பிவிட வேண்டும், சந்தேகம் வந்தால் மட்டும் என்னைக் கேட்க வேண்டும் என்றேன்.

மூவரில் ஒருவர் முன்பு டூரிங் டாக்கீஸில் டிக்கெட் கிழித்தவர். என் வயதுதான் இருக்கும். கேட்டுக்கு யார் வந்தாலும் "எந்த ஊருங்க? ஒடம்புக்கு என்னா பண்ணுது?" என்று ஆரம்பித்துவிடுவார். அந்தப் பழக்கத்தை நான்தான் நிறுத்தினேன்.

"நீ என்ன சம்பந்தம் பேசவாய்யா நிக்கிற? கேள்வி கேட்டா அவன் கத சொல்லுவான். கேக்காத."

மற்ற இருவரும் சிரித்தார்கள். அவரும் கூடவே சிரித்துவைத்தார்.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலை. ஏழு மணி இருக்கும். கேட்டை ஒட்டிய அறையில் நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். டாக்கீஸ்காரர் ஜன்னலுக்கு வந்தார்.

"சார், ஒருத்தர் வந்திருக்காரு. கண்ணு சொருவுது, பேச்சு கொழறுது, காலு பின்னுது. ஆனா வாட ஒண்ணும் அடிக்கல. வவுறு வலிக்குதுன்னு சொல்றாப்ல இருக்குது."

எட்டிப் பார்த்தேன். சட்டையெல்லாம் வெள்ளை மண் தெறித்த ஒருவர் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பீங்கான் பொம்மை செய்கிற பட்டறை ஒன்றில் வேலை பார்ப்பவர் என்று பார்த்ததுமே தெரிந்தது. இமை பாதி மூடியிருந்தது. என்னைப் பார்ப்பதற்காக மோவாயை மேலே தூக்கினார். அதைத் திமிர் என்று நினைத்தேன்.

"சாராயம் குடிச்சா வவுறு வலிக்காம என்ன பண்ணும்? அனுப்புய்யா."

"ஒரு தடவ நீங்களே வந்து பாருங்க சார்."

"மூணும் இருக்குதுல்ல? சொன்னதச் செய்யி."

அவர் அந்த ஆளைத் தோளைப் பிடித்து அழைத்துப்போய், வெளிச்சுவர் ஓரமாக உட்கார வைத்துவிட்டு வந்தார். அரை மணி நேரத்தில் ஒரு பெண் அலறும் சத்தம் கேட்டது. ஓடினேன். அந்த ஆளைத் தேடிக்கொண்டு வந்த அவர் மனைவி அவரை உலுக்கிக்கொண்டிருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. மூச்சு இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு உள்ளே ஓடினேன்.

பெரிய டாக்டர் இமையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மனைவியிடம் கேட்டார்: "ராத்திரி எங்க படுத்திருந்தாரு?"

"மழன்னு வூட்டுக்கு வரலீங்க. பட்டறக் கொட்டாயிலியே தரையில படுத்துட்டாரு."

"கட்டுவிரியன் கடிச்சிருக்கு. அந்தப் பாம்போட விஷத்துக்குத்தான் இப்படி இமை விழும், நாக்கு குழறும், வயிறும் வலிக்கும்" என்றார் டாக்டர். கொசுக்கடி போல ஒரு தடயம் முழங்கையில் இருந்தது. விஷமுறிவு ஊசி போட்டார்கள். ரப்பர் பையை அமுக்கி அமுக்கி நர்ஸுகள் மாறி மாறி மூச்சு கொடுத்தார்கள். மூன்றாம் நாள்தான் அவர் கண்ணைத் திறந்தார்.

அன்றைக்கு டாக்டர் எங்கள் இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். "அவர வெளிய உட்கார வச்சது யாரு?"

"நான்தாங்க" என்றார் டாக்கீஸ்காரர்.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "இப்படித்தான் சொல்லிக் குடுத்தீங்களா?"

"இல்லீங்க சார். சந்தேகம் வந்தா என்னைக் கேக்கணும்னு சொல்லியிருந்தேன்."

நான் அப்படிச் சொல்லியிருந்தது உண்மைதான். அவர் என்னிடம் வந்து கேட்டதும் உண்மை. அந்த இரண்டாவதை நான் சொல்லவில்லை. அன்று சாயங்காலமே அவரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

பாம்பு கடித்தவர் குணமாகி வீட்டுக்குப் போகிற அன்று அவர் மனைவி என் காலில் விழுந்தாள். "நீங்க தூக்கியாரலன்னா எங்க கதி என்னாவும்?" என்று அழுதாள். காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு புதிதாக வந்த வாட்ச்மேன்களுக்கு, முதலில் ஆளை உட்கார வைத்து என்ன செய்கிறது என்று கேளுங்கள் என்று சொல்லிக் கொடுத்தேன். விவரமான மனுஷன் என்று அவர்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. அவமானமாக இருந்தது.

ஒன்றரை வருடம் கழித்து, டாக்கீஸ்காரர் வேப்பூரில் ரோட்டோர ஓட்டல் ஒன்றில் பரிமாறுகிறார் என்று கேள்விப்பட்டு பஸ் ஏறினேன். என்னைப் பார்த்ததும் இலை போட்டார். தண்ணீர் வைத்தார்.

"நீ என்னக் கேட்டத நான் டாக்டர்கிட்ட சொல்லல" என்றேன்.

"தெரியுங்க சார்."

"நீயாவது சொல்லியிருக்கக் கூடாதாய்யா?"

"நீங்க சொல்லுவீங்கன்னு ஒங்க மூஞ்சியவே பார்த்துக்கிட்டு நின்னேன். அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு." குரலில் கோபம் இல்லை. லாரிக்காரர்கள் சாம்பார் கேட்டார்கள். வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர், திரும்ப வேலைக்கு வரச் சொல்லி டாக்கீஸ்காரருக்குத் தன் கைப்பட ஒரு கடிதம் எழுதினார். அவர் வரவில்லை. இங்கேயே சௌகரியமாக இருக்கிறது என்று ஆள் மூலம் சொல்லியனுப்பினார்.

என்னை நிறுத்திவிடுவார்கள் என்று நினைத்திருந்தேன். நிறுத்தவில்லை. பயிற்சி கொடுக்கிற பொறுப்பை மட்டும் தலைமை நர்ஸிடம் மாற்றினார்கள். அடுத்த திங்கட்கிழமை வராந்தாவில் அந்த அம்மா பாடம் எடுத்தபோது, மற்ற வாட்ச்மேன்களோடு பெஞ்சில் உட்கார்ந்து நானும் கேட்டேன்.