வயிற்றுக்கும் கழுத்துக்கும் நடுவில்

எனக்குச் சும்மா உட்காரத் தெரியாது. தொழிற்சாலை பஸ் ஓட்டும்போது மட்டும்தான் ஓரிடத்தில் இருப்பேன், அதுவும் வேறு வழியில்லாமல். வீட்டில் டிவி பார்த்துக்கொண்டே எழுந்து போய்க் குழாய் சொட்டுகிறதா என்று பார்ப்பேன். வந்து உட்கார்ந்ததும் கேட்டைப் பூட்டினோமா என்று சந்தேகம் வரும். இப்படிப்பட்டவனை ஹாலில் மல்லாக்கப் படுக்கவைத்து, கண்ணை மூடிக் கால் கட்டைவிரலைக் கவனி என்றால் எப்படி இருக்கும்? என் மனைவி அதைத்தான் செய்தாள்.

அவள் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் கடிதம், கணக்கு பார்க்கும் கிராணி. போன தீபாவளி முடிந்ததும் எங்கள் மாநிலத் தலைநகர் அலோர் ஸ்டாரில் ஏதோ மனநலப் பயிற்சி என்று அனுப்பிவைத்தார்கள். சுரத்தில்லாமல் போனவள், கண்ணில் பளபளப்போடு திரும்பி வந்தாள். வந்த அன்றே வீட்டில் புதுச் சட்டம். ராத்திரி சாப்பாட்டு மேசையில் ஒவ்வொருவரும் அன்று நடந்த மூன்று நல்ல விஷயங்களைச் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் தரையில் படுத்து உடம்பைக் கவனிக்க வேண்டும்.

“நல்லதையே நெனச்சா ஒடம்பும் நல்லாருக்குமாம்ங்க” என்றாள்.

“டிரை பண்ணுங்கலா ப்பா” என்று காலேஜ் படிக்கும் மகளும் சேர்ந்துகொண்டாள்.

நமக்கு இதைக் கோர்ஸ் வைத்துச் சொல்லித்தர வேண்டுமா என்று எனக்குச் சிரிப்பு. எங்கள் வீட்டில் அரிசி தீர்ந்துவிட்டது என்று யாரும் சொன்னதே கிடையாது, அரிசி வாங்கணும் என்றுதான் சொல்வோம். வெளியே கிளம்புகிறவன் ‘போறேன்’ என்று சொன்னால் திட்டு விழும். விளக்கு வைக்கிற நேரத்தில் நோய், சாவு என்று பேச்செடுத்தால் கேட்கவே வேண்டாம். விடிவதற்கு முன்னால் பஸ்ஸை எடுத்துக்கொண்டு போய், விளக்கு வைக்கும்போது திரும்புகிறவன் நான். அந்த நேரத்தை ஏற்கெனவே சாமி எடுத்துக்கொண்டிருந்தது. மிச்சமிருந்த சாப்பாட்டு நேரத்தை இப்போது இந்தக் கோர்ஸ் எடுத்துக்கொண்டது. கெட்டது ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் எப்போது சொல்வது?

எனக்குச் சொல்ல ஒன்று இருந்தது. தைப்பூசத்தன்று கூட்டத்தில் நடந்துகொண்டிருந்தபோது, நெஞ்சில் யாரோ முட்டியை வைத்து அழுத்துவதுபோல ஒரு வலி வந்தது. கொஞ்ச நேரம் உட்கார்ந்ததும் போய்விட்டது. அப்புறம் சமையல் கேஸ் தோம்பைத் தூக்கும்போது வந்தது, பஸ் கழுவும்போது வந்தது. ஒரு நாள் சிடாம் கிரி பக்கம் ஆட்களை ஏற்றிக்கொண்டு சுங்கைப் பட்டாணிக்கு ஓட்டிவரும்போதே வந்தது. ஓரமாக நிறுத்தினேன்.

“என்னண்ணே, பஸ்ஸுக்கு என்னமோ ஆயிருச்சா?” என்று முன்சீட்டில் இருந்த பெண் கேட்டார்.

“டயர்ல சத்தம் வருதுலா. பாத்துட்டு வரேன்.”

இறங்கிப் போய்ப் பின் டயரைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றேன். டயரில் ஒன்றுமில்லை. வேர்வை சட்டையை நனைத்தது. பயந்தேன். நான் செத்துப்போவது ஒரு பக்கம். உள்ளே கண்ணாடியில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டு வருகிற இத்தனை பெண்களையும் கொண்டுபோய் எதிலாவது மோதிவிடுவேனோ என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. ஆனால் டாக்டரிடம் போனால் இதயம் என்பார், இதயம் என்றால் பஸ் ஓட்டும் லைசன்ஸ் போய்விடும். ஐம்பதைத் தாண்டிய எனக்கு வேறு என்ன வேலை தெரியும்? மறுநாளும் பஸ் சாவியைத்தான் எடுத்தேன்.

சாப்பாட்டு மேசையில் என் முறை வரும்போதெல்லாம் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். ரோடு காலியாக இருந்தது. மழை இல்லை. கோப்பி நன்றாக இருந்தது.

“நேத்தும் கோப்பி நல்லாத்தான் இருந்துச்சு. புதுசா சொல்லுங்க” என்பாள் மனைவி. அவளுக்கு மட்டும் குறைவில்லாமல் கிடைத்துக்கொண்டே இருந்தது. யாரோ பூ கொடுத்தார்கள், யாரோ சேலை அழகாக இருக்கிறது என்றார்கள். வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல மளமளவென்று சொல்லி முடிப்பாள். எனக்கு எரிச்சலாக வரும்.

ஞாயிற்றுக்கிழமை கதை இன்னும் மோசம். போனில் ஒரு பெண் குரல் தேனாக வழியும். பாதத்தைக் கவனியுங்கள், முழங்காலைக் கவனியுங்கள், வயிற்றைக் கவனியுங்கள் என்று மேலே ஏறிக்கொண்டே வரும். அடுத்து நெஞ்சு என்று எனக்குத் தெரியும். அந்த இடம் வந்ததும் பஸ்ஸுக்கு எண்ணெய் மாற்றினோமா, பிரேக் ஏன் கீச்சிடுகிறது என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவேன். குரல் கழுத்துக்குப் போனதும் மறுபடி சேர்ந்துகொள்வேன். வயிற்றுக்கும் கழுத்துக்கும் நடுவில் எனக்கு உடம்பே இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை. அன்று மத்தியானம் வந்த வலி இடது தோள் வரைக்கும் பரவியிருந்தது. வீட்டுக்கு வந்தேன், குளித்தேன், உட்கார்ந்தேன், எழுந்தேன், திரும்ப உட்கார்ந்தேன். தோசையும் சாம்பாரும் வந்தன. மகள் தன் மூன்றைச் சொன்னாள், மனைவி தன் மூன்றைச் சொன்னாள். என் முறை.

“ரோடு காலி. கோப்பி நல்லாருந்துச்சு” என்றேன். மூன்றாவது வரவில்லை. இருவரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கோபமாகவும் வந்தது, அழுகையாகவும் வந்தது. “நெஞ்சு வலி இன்னிக்கு ஒரு தடவதான் வந்துச்சு” என்றேன்.

மகள் சிரித்தாள், ஏதோ கிண்டல் என்று நினைத்து. மனைவி சிரிக்கவில்லை.

“என்ன சொன்னீங்க?”

“நல்ல விஷயம்தான கேட்ட? நேத்து மூணு தடவ வந்துச்சு.”

அவள் அழுவாள், கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். போய் அடுப்பை அணைத்தாள், வாசலில் நின்ற காடியின் சாவியை எடுத்தாள். “எந்திரிங்க” என்றாள்.

“சாப்பிட்டுட்டு...”

“எந்திரிங்கன்னு சொல்றேன்ல!”

நாங்கள் குடியிருக்கும் பாக்கார் ஆராங்கிலிருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் அவளே ஓட்டினாள். வழியெல்லாம் நான் கியரை மாற்று, சிக்னல் போடு என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அவள் கண் ரோட்டைவிட்டு அசையவில்லை.

எவ்வளவு நாளாக வலி என்று அவசரப் பிரிவில் இளம் டாக்டர் மலாயில் கேட்டார். தைப்பூசத்திலிருந்து என்றேன். நான் சொன்ன பிறகுதான் அவள் பக்கத்தில் நிற்பது ஞாபகம் வந்தது.

“தைப்பூசத்துக்கு எனக்குக் கச்சாம்பூத்தே கடலை வாங்கிக் குடுத்துட்டு, கால் வலிக்குது, செத்த ஒக்காந்துட்டு வரேன்னீங்களே. அன்னிக்குக் காலா வலிச்சுச்சு?”

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

அலோர் ஸ்டார் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ரத்தக்குழாயில் அடைப்பாம். கை நரம்பு வழியாகக் கம்பி விட்டுச் சரிசெய்தார்கள். இப்போதைக்கு பஸ்ஸை மறந்துவிடுங்கள், மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்றார் டாக்டர். உடம்பெல்லாம் ஒயர், எழுந்திருக்கக் கூடாது. என்னைப் போன்றவனுக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

மறுநாள் பார்வையாளர் நேரத்தில் மகளைச் சாப்பிட அனுப்பிவிட்டு மனைவி மட்டும் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எனக்கு உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது.

“ஒன் கோர்ஸுதான்லா என் வாயைக் கட்டிப் போட்டுச்சு” என்றேன்.

அவள் போர்வையின் ஓரத்தை நீவி விட்டாள்.

“ஆபீஸ்ல எத்தன கிராணி இருக்கோம். என்னைய மட்டும் ஏன் அனுப்புனாங்கன்னு கேட்டீங்களா?”

நன்றாகப் பேசுகிறவள், அதனால் அனுப்பியிருப்பார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

“கம்ப்யூட்டர் முன்னால ஒக்காந்திருப்பேன். சும்மாவே அழுகை வரும். டாய்லெட்டுக்குப் போயி அழுதுட்டு, மூஞ்சியக் கழுவிட்டு வருவேன். ஒரு நாளு ஹெட்மிஸ்ட்ரஸ் மேடம் பாத்துட்டாங்க.”

“எதுக்கு அழுகை?”

“தெரிஞ்சா சொல்ல மாட்டேனா?” என்றாள். “சாப்பிடுற நேரமாச்சும் நல்லதாப் பேசிக்கிட்டிருந்தா தப்பிச்சுருவேன்னு நெனச்சேங்க. அந்தப் பூ, சேலை, அதெல்லாம் யாரும் குடுக்கல, யாரும் சொல்லல.”

நேரம் முடிந்துவிட்டது என்று வார்டு வாசலிலிருந்து பாதுகாவலர் குரல் கொடுத்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பையை எடுத்தாள். நான் ஒயர் மாட்டிய கையாலேயே அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். பாதுகாவலர் கட்டில் வரைக்கும் வந்து நின்றார்.

“கொஞ்சம் இருங்க, பாங்” என்று அண்ணன் முறை வைத்து அவரிடம் மலாயில் சொன்னேன். “என் மனைவி இன்னும் சொல்லி முடிக்கல.”