டைமர் காட்டிய ஆறாவது குண்டு

கல்வராயன் மலையடிவாரத்தில் எங்களுக்கு பிஸ்டல் பயிற்சி. மாவட்ட போலீஸிலிருந்து போட்டிக்கு ஒரு பெண்ணைத்தான் அனுப்புவார்கள். நானும் கரியாலூர் செல்வியும்தான் மிச்சம். எஸ்.ஐ. கையிலிருக்கும் ஷாட் டைமர் ‘பீப்’ என்றதும் ஐந்து குண்டு சுட வேண்டும். வெடிச் சத்தத்தை வைத்து, எத்தனை குண்டு, கடைசிக் குண்டு வரை எவ்வளவு நேரம் என்று அது காட்டும்.

எவ்வளவு வேகமாகச் சுட்டாலும் என் நேரம் மோசமாகவே வந்தது. செல்வி மேல் எனக்குச் சந்தேகம். என் முறையில் அவள் பக்கத்தில் பயிற்சிக்குச் சுட்டுவிட்டு, ஓடிப்போய் டைமரை எட்டிப் பார்ப்பாள். அவள் முறையில் நான் துப்பாக்கியைத் தொடவே மாட்டேன். அவள் கையையே கண்காணித்தபடி நிற்பேன்.

ஒருநாள் என் முறை வந்ததும் அவள் எஸ்.ஐ.யிடம், “ஐயா, நான் சுடலிங்க. அக்கா மட்டும் தனியா சுடட்டும்” என்றாள். எல்லார் முன்னாலும் என்னை அவமானப்படுத்தப் பார்க்கிறாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சுட்டேன்.

என் நேரம் அவளுடையதைவிடக் குறைவாக வந்தது.

“அக்கா அஞ்சுதான் சுடுறாங்க, டைமரு ஆறுன்னு காட்டிக்கினு இருந்துச்சிங்க. நான் பக்கத்துல சுடுற சத்தத்தையும் சேத்துக்கிச்சி” என்றாள்.

போட்டிக்கு நான்தான் போனேன். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு வழியனுப்ப வந்தவள் ஒரு பொட்டலத்தை நீட்டினாள். நன்றி சொல்ல வேண்டிய என் வாய், “உள்ள இன்னா?” என்றுதான் கேட்டது.