மரத்தூளில் கிடந்த தீனி

ஆர்லிஸ் தூமினென் வயலெலிகளோடு பதினெட்டு வருஷம் குப்பை கொட்டியவள். மினசோட்டாவின் வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தின் விலங்குக்கூடம் அவள் பொறுப்பில் இருந்தது. எந்தத் தாயெலி குட்டிகளை நன்றாக வளர்க்கும், எது கடித்துப் போடும் என்று கூண்டை எட்டிப் பார்த்தே சொல்லிவிடுவாள்.

ட்ரெவர் விட்லாக் அங்கே புதிதாக வந்த பேராசிரியர். அவருடைய ஆராய்ச்சி லெப்டின் பற்றியது. உடம்புக் கொழுப்பிலிருந்து ஊறி, 'தின்றது போதும்' என்று மூளைக்குச் சொல்கிற ஹார்மோன் அது. பால் கொடுக்கும் நாட்களில் தாயெலியின் ரத்தத்தில் லெப்டின் வற்றிவிடும். அதனால்தான் அது இரண்டு மூன்று பங்கு தின்று, தின்றதையெல்லாம் பாலாக்குகிறது. அப்படிப்பட்ட தாய்க்கு ஊசியில் லெப்டினைச் செலுத்தினால் பசி அடங்குமா? அடங்காது என்றார் விட்லாக். தீனித்தொட்டியைத் தினமும் நிறுத்துப் பார்த்ததில், ஊசி போட்ட தாய்களும் போடாத தாய்களும் ஒரே அளவுதான் காலி செய்திருந்தன.

இடித்தது ஆர்லிஸ் நிறுத்து எழுதிய குட்டிகளின் எடைதான். ஊசி போட்ட தாய்களின் குட்டிகள் பத்தாம் நாளில் சோனியாகக் கிடந்தன.

"தராசைச் சரியா பூஜ்யத்துல வெச்சியா, ஆர்லிஸ்?" என்றார் விட்லாக், மாணவர்கள் சுற்றி உட்கார்ந்திருந்த கூட்டத்தில்.

"பதினெட்டு வருஷமா வெச்சுக்கிட்டுத்தான் இருக்கேன், டாக்டர். குட்டிங்க நெஜமாவே காயுது. அம்மாக்காரி தீனிய எடுக்கறா, ஆனா திங்கல. கொறிச்சுக் கொறிச்சுக் கீழ போடறா. மரத்தூளச் சலிச்சுப் பாருங்க."

"உனக்குச் சம்பளம் கூண்டு கழுவறதுக்கு. யோசிக்கத்தான் நாங்க இருக்கோமே."

எல்லாரும் சிரித்தார்கள். அந்த வாரமே அவள் கோப்பில் 'கவனக்குறைவு' என்று ஒரு கடிதம் ஏறியது. குட்டிகளின் எடைகள் ஊழியர் பிழை என்று கட்டுரையிலிருந்து நீக்கப்பட்டன. ஆர்லிஸை நீராவி மண்டும் கழுவுமிடத்துக்குத் தள்ளிவிட்டார்கள்.

"விட்டுத் தொலையேன்," என்றான் அவள் கணவன் ராய்.

"விடறதா? அந்தாளு யோசிக்காம எனக்கு என்ன குடுத்திருக்கான்னு உனக்குப் புரியல. அழுக்குக் கூண்டு அத்தனையும் இப்ப என் கைக்குத்தான் வருது."

வீட்டிலிருந்து மாவுச் சல்லடையைக் கொண்டுபோனாள். எலிகளை மாற்றியபின் வந்த ஒவ்வொரு கூண்டின் மரத்தூளையும் சலித்து, சிந்திய தீனியைக் காயவைத்து நிறுத்து, கூண்டு எண்ணோடு நோட்டில் எழுதினாள். ஏழு மாதம் எழுதினாள். முதல் மாதத்திலேயே விஷயம் தெரிந்துவிட்டது. அன்றே போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்தாளு ஏறட்டும், எவ்வளவு உயரம் ஏறமுடியுமோ ஏறட்டும் என்று காத்திருந்தாள். கட்டுரை வந்தது. விருது வந்தது. நடைவழியில் விட்லாக் எதிர்ப்படும்போதெல்லாம் முதல் ஆளாகச் சிரித்து வணக்கம் சொன்னாள்.

கியூபெக்கிலிருந்து மிரேய் கோத்தியே என்ற ஆராய்ச்சியாளர் வந்தார். அவருடைய கூடத்தில் அதே சோதனை அதே முடிவைத் தரவில்லையாம். விட்லாக் அரங்கில் பேசி முடித்ததும், பின்வரிசையில் ரப்பர் பூட்ஸோடு எழுந்து நின்றாள் ஆர்லிஸ்.

"மரத்தூளச் சலிச்சீங்களா, டாக்டர்?"

"இவங்க கழுவற பிரிவு," என்று விட்லாக் சிரித்தார்.

கோத்தியே சிரிக்கவில்லை. "நல்ல கேள்விதானே? சலிச்சீங்களா, இல்லியா?"

விட்லாக்கின் காது சிவந்ததை ஆர்லிஸ் நிதானமாகப் பார்த்தாள். பிறகு நோட்டைக் கொண்டுபோய் கோத்தியேயின் மடியில் வைத்தாள். "ஊசி போட்ட கூண்டுல ஒரு நாளைக்கு நாலு கிராம் தீனி கீழ கெடந்துச்சு. போடாததுல அரை கிராம்கூட இல்ல. பசி அடங்கித்தான் போயிருக்கு. பால் கொறஞ்சுதான் குட்டி காஞ்சுது."

மூன்றே மாதத்தில் விட்லாக் தன் கையாலேயே எழுதிக் கட்டுரையைத் திரும்பப் பெற்றார். ஆர்லிஸின் கோப்பிலிருந்து கடிதத்தை எடுத்தார்கள். ஆராய்ச்சியை மூடியதால் எண்பது எலிகளையும் வாயு வைத்துக் கொல்ல உத்தரவு வந்தது. கைதேர்ந்தவள் என்று அந்த வேலைக்கு அவளையே கூப்பிட்டார்கள். பால் குடித்துக்கொண்டிருந்த குட்டிகளும் அதில் இருந்தன. அது அவள் கணக்கில் இல்லாத விலை. செய்து முடித்து, காலிக் கூண்டுகளைக் கழுவுமிடத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

வேலையை விட்டு, அறையைக் காலி செய்த பெட்டியோடு அங்கே வந்து நின்றார் விட்லாக். "தனியா என் ரூமுக்கு வந்து சொல்லியிருக்கலாம், ஆர்லிஸ். இந்த எலிங்களாவது பொழச்சிருக்கும்."

"மொதல்ல உங்ககிட்டதான் சொன்னேன். எல்லாரையும் சிரிக்கவெச்சீங்க."

அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியேறினார். அடுத்த ஆண்டு கோத்தியேயின் கட்டுரை வெளிவந்தபோது, சலித்து நிறுக்கும் முறைக்கு நேராக ஆர்லிஸ் தூமினென் என்று பெயர் அச்சாகியிருந்தது. அவள் இரண்டு பிரதி எடுத்தாள். ஒன்றை ராயிடம் காட்டினாள். மற்றதை, விட்லாக் போய்ச் சேர்ந்த ஊரின் விலாசத்தைத் தேடிப் பிடித்து, தன் பெயருக்கு அடியில் சிவப்புக் கோடு போட்டு அனுப்பிவைத்தாள்.